ஜெசிந்தா விழுங்காத கெப்சூல்

1. நெஞ்சில் குத்திய பட்டை

அந்த வார்டுக்குத் தாதியாக மாற்றலாகி வந்த முதல் நாள் எனக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை தந்தார்கள். வேலை நேரத்தில் அதை நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். "சட்டையோட சேத்துத் தோய்ச்சுப் போடாதீங்கோ, மிஸ்" என்றார் தந்தவர். வேறு விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

செய்தி எனக்கு முந்தியே நான் குடியிருக்கிற வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டு மாமியின் மகள் அப்போது பிள்ளைத்தாச்சி. லிப்ட் வாசலில் என்னைக் கண்டால் மாமி மகளை ஒரு அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "நீங்க போங்கோ பிள்ளை, நாங்கள் அடுத்ததில வாறம்" என்பார். பட்டை ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது, நான் குளித்துத்தான் வருகிறேன், என்னிடமிருந்து ஒன்றும் பாயாது என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை எனக்கு லிப்ட் தனியாகத்தான் கிடைத்தது. வசதியாகத்தான் இருந்தது.

தைரொய்ட் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் முடிந்தவர்களுக்கு அயடின் கொடுக்கிற வார்ட் அது. தைரொய்ட் என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கிற சுரப்பி. நாங்கள் சாப்பிடுகிற அயடினை உடம்பு முழுக்கத் தேடி இழுத்து வைத்துக்கொள்கிற குணம் அதற்கு உண்டு. அதில் வருகிற புற்றுநோயின் கலங்கள், அதாவது செல்கள், பெரும்பாலானவற்றுக்கும் அதே குணம்தான். கதிர்வீச்சு ஏற்றிய அயடினைக் கெப்சூலாகக் கொடுத்தால், கத்திக்குத் தப்பிய கலங்கள் அதையும் சாப்பாடு என்று நினைத்து விழுங்கும். விழுங்கியது சாகும். பேராசை பெருநட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் இன்றுவரை காணவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கலங்கள் பசியோடு இருக்க வேண்டும். அதற்காக, சுரப்பியை எடுத்தபின் அதன் சுரப்புக்கு ஈடாக நோயாளி தினமும் விழுங்குகிற தைரொக்சின் குளிசையைச் சில கிழமைகளுக்கு, வாரக்கணக்கில், நிறுத்துவோம். அயடின் உள்ள சாப்பாட்டையும் நிறுத்துவோம். கடல்மீன், நண்டு, இறால், கருவாடு, கடையில் வாங்குகிற உப்பு, பால் எல்லாம் கூடாது. கொழும்பில் ஒருவரிடம் மீனையும் பால் தேத்தண்ணியையும் ஒரே நாளில் விடச் சொல்வது லேசான காரியமில்லை. புற்றுநோய் என்று கேட்டபோது அழாதவர்கள் இந்த இடத்தில் அழுததை நான் கண்டிருக்கிறேன்.

2. இரண்டு இரகசியம்

ஜெசிந்தா கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். கணவர் கப்பலில் வேலை செய்பவர், வீட்டுக்கு எப்போதாவதுதான் வருவார். மகளுக்கு ஆறு வயது.

அவருடைய கழுத்துக் கட்டியை முதலில் கண்டுபிடித்தது டொக்டர் அல்ல, சட்டை தைக்கிற பெண். கழுத்து அளவெடுக்கும்போது, "அக்கா, எச்சில் விழுங்கக்க இதில ஒண்டு மேல கீழ போகுது" என்றிருக்கிறார். நோகவில்லை என்பதால் ஜெசிந்தா அதைப் பல மாதம் விட்டுவிட்டார். இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். கழுத்தில் வருகிற கட்டிகளில் அநேகமானவை புற்றுநோய் அல்ல. ஆனால் நோகவில்லை என்பது நல்ல சான்றிதழும் அல்ல. போய்க் காட்டுங்கள். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்வார்கள். சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் கலம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். இரத்தம் எடுக்கிற ஊசிக்கு மேலாக ஒன்றும் நோகாது.

ஜெசிந்தாவின் ஊசி முடிவு பெப்பிலரி கார்சினோமா என்று வந்தது. தைரொய்ட் புற்றுநோயில் அதிகம் வருகிற வகை அது. மெதுவாக வளரும், நெறிக்கட்டிகள் என்கிற கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகப் பார்க்கும், ஒழுங்காக வைத்தியம் செய்தால் பெரும்பாலானோர் சுகமாகிவிடுவார்கள். சுரப்பி முழுவதையும் எடுத்தார்கள். எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றிலும் நோய் இருந்தது. அதனால்தான் எங்களிடம் அனுப்பினார்கள்.

கூட்டிவந்தவர் அண்ணன் றெஜி. துறைமுகத்தில் வாஃப் கிளார்க். வெளிநாட்டிலிருந்து வருகிற கொன்டேனர்களைச் சுங்கத்தில் கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்கி வெளியே எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். என்னை ஒரு தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"மிஸ், தங்கச்சிக்கு அந்தச் சொல்ல மட்டும் சொல்லாதீங்க. கட்டி எண்டுதான் சொல்லி வச்சிருக்கம்."

"வாசல்ல போர்ட் கிடக்குதே, அண்ணன்."

"அவ அதப் பாக்கல. வேன் உள்ளுக்கு வரக்க நான் மத்தப் பக்கத்தக் காட்டிக் கதைச்சிட்டு வந்தன்."

அந்தப் போர்டில் மூன்று மொழியிலும் ஆளுயர எழுத்தில் புற்றுநோய் என்று எழுதியிருந்தது. ஜெசிந்தா மூன்று மொழியிலும் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர். அண்ணன் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன நேரத்தில் அவர் என் கையைப் பிடித்தார்.

"மிஸ், எனக்குத் தெரியும் எண்டு அண்ணனுக்குச் சொல்லிராதீங்க. பாவம், தாங்க மாட்டார்."

சம்பளம் ஒன்று, இரகசியம் இரண்டு என்று நினைத்துக்கொண்டு இரத்தம் எடுத்தேன்.

எங்கள் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் கொஞ்சம் விளங்கும், கதைக்க வராது. கெப்சூல் கொடுக்க ஒரு கிழமை இருக்கும்போது நடந்த கிளினிக்கில் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். களைத்திருந்த ஜெசிந்தாவுக்கு லேசாக இருக்கட்டும் என்று நான் தமிழில் சொன்னேன். "அண்மையில எங்கயாவது சிடி ஸ்கேன் செய்தனீங்களோ? சாயம் ஏத்துற ஊசி ஏதும் போட்டவையோ? வேற டொக்டரிட்டப் போனனீங்களோ?"

ஜெசிந்தா வாயைத் திறக்குமுன் றெஜி நெஞ்சில் கை வைத்தார். "ஒண்டுமே இல்ல டொக்டர். உங்களத் தவிர வேற ஒருத்தரிட்டயும் போகல."

டொக்டர் தலையசைத்தார். ஜெசிந்தா தரையைப் பார்த்தார். குளிசை நிறுத்தியவர்கள் அநேகமாகத் தரையைத்தான் பார்ப்பார்கள், நிமிர்ந்து பார்க்கத் தெம்பு இருக்காது. எனக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

3. சூடாக ஓடிய ஊசி

கெப்சூல் நாளன்று ஜெசிந்தா வெளியே வெயில் கொளுத்தும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். முகம் ஊதியிருந்தது. ஒரு வசனத்தைத் தொடங்கினால் முடிக்க நேரம் எடுத்தது. தைரொக்சின் இல்லாத உடம்பு அப்படித்தான். குளிரும், மலச்சிக்கல் வரும், மறதி வரும், மனம் இருண்டுபோகும். வேண்டுமென்றே ஒரு மனுசியை இந்த நிலைக்குக் கொண்டுவந்து, அதற்கு 'ஆயத்தம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தனியறையைக் காட்டினேன். கதவுக்குள் ஈயத் தகடு இருக்கிறது. கெப்சூல் விழுங்கியபின் சில நாளைக்கு யாரும் உள்ளே வர மாட்டார்கள். சாப்பாட்டை வாசலில் வைப்போம், கதைக்க இன்டர்கொம் உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மலசலகூடத்தில் இரண்டு தரம் தண்ணீர் இழுத்துவிட வேண்டும், எச்சில் ஊறுவதற்காக, சொல்லும்போது புளிப்பு டொபி சூப்ப வேண்டும். வீட்டுக்குப் போனபிறகும் கொஞ்ச நாள் மகளை மடியில் வைக்கக்கூடாது, பக்கத்தில் படுக்க வைக்கக்கூடாது.

"அவள பக்கத்து வீட்டு மெரீனாக்காட்ட விட்டுட்டு வந்தன்" என்றார். "அம்மா இண்டைக்கு மருந்து குடிச்சிட்டா எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்லிட்டு வந்தன்."

பிறகு கட்டிலில் இருந்துகொண்டு கேட்டார்.

"மிஸ், இதக் குடிச்சா அண்டைக்கு மாதிரி உடம்பு முழுக்கச் சூடாகுமா?"

"எண்டைக்கு மாதிரி?"

"அந்த வட்ட மெஷினுக்குள்ள படுக்க வச்சு ஊசி போட்டாங்களே. தொண்டையில இருந்து அடிவயிறு மட்டும் சூடா ஓடிச்சு. படுத்த இடத்திலயே சலம் போயிட்டுது எண்டு நெனச்சு வெக்கப்பட்டுட்டன்."

சிடி ஸ்கேன் அறைப் பக்கம் ஒரு மாதம் வேலை செய்தவருக்குக்கூட இது தெரியும். படம் தெளிவாக வரவேண்டும் என்று ஏற்றுகிற சாய ஊசி அப்படித்தான் சூடாக ஓடும். எல்லாரும் சலம் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். அந்தச் சாயத்தின் சரக்கே அயடின்தான். ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உப்பிலும் மீனிலும் சாப்பிடுவதைவிடக் கூடுதலான அயடின் அந்த ஒரு ஊசியில் இருக்கிறது. இந்த மனுசி கருவாட்டைத் தொடாமல், உப்பில்லாத சோற்றை விழுங்கிப் பசியோடு வைத்திருந்த கலங்களுக்கு யாரோ விருந்து வைத்துவிட்டார்கள்.

"எப்ப செய்தனீங்கள், ஜெசிந்தா?"

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கிவிட்டது.

"ரெண்டு கிழம இருக்கும். அண்ணன் பிரைவேட்டில காசு கட்டி ஒரு பெரிய டொக்டர சனல் பண்ணி என்னக் கூட்டிட்டுப் போனார். அவர்தான் எடுக்கச் சொன்னார். நல்ல ரிப்போட்தான் மிஸ், ஒண்டும் இல்லையாம்."

"இஞ்ச அயடின் குடுக்கப் போகினம் எண்டு அந்த டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?"

"இல்ல. அவரிட்ட இதச் சொல்ல வேணாம், இவங்களிட்ட அதச் சொல்ல வேணாம் எண்டார் அண்ணன். கோவிச்சுக்குவாங்களாம்."

நான் விளங்கப்படுத்தினேன். இப்போது கெப்சூலை விழுங்கினால் வயிற்றுக்குள் போகும், இரத்தத்துக்குள் போகும், சலத்தோடு வெளியே போகும். போக வேண்டிய இடத்துக்கு மட்டும் ஒழுங்காகப் போகாது. அந்தச் சாயம் உடம்பை விட்டு நீங்க இரண்டொரு மாதமாவது வேண்டும் என்றேன்.

"அப்ப திரும்பவும் குளிச நிப்பாட்டணுமா?"

"ஓம்."

"திரும்பவும் இப்பிடியா?"

"ஓம்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்தார். அவர் விரல்கள் ஐஸ்போல இருந்தன.

"மிஸ், டொக்டரிட்டச் சொல்லாதீங்க. என்னால ஏலா. சில நேரம் மகள்ட பேர் வாயில வருதில்ல. நேத்து ஒபிஸ் நம்பர மறந்துட்டு போனப் பாத்துட்டே நிண்டன். இன்னொருக்கா இப்பிடி இருந்தா எனக்கு விசர் பிடிச்சிரும். தாறதத் தாங்க, நான் விழுங்கிட்டுப் போறன். வேல செய்தாச் செய்யட்டும்."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருட வேலையில் நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்று சின்னத் தாதிகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். அவர் கேட்டது பெரிய காரியமில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கேள்வி ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அண்ணன் பதில் சொல்லியாகிவிட்டது, எழுதியாகிவிட்டது. ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கெப்சூல் வருகிற ஈயப் பெட்டி புறப்பட்டுவிட்டது என்று தொலைபேசியில் சொல்லியுமிருந்தார்கள்.

"நான் சொல்லத்தான் போறன், ஜெசிந்தா" என்றேன்.

கையை உதறினார். "நீங்க பிள்ள பெத்தவதானா மிஸ்?"

"ரெண்டு" என்று சொல்லிவிட்டு டொக்டரைத் தேடிப் போனேன்.

4. கவுண்டர் முறை

டொக்டர் சத்தம் போடவில்லை. சிடி எடுத்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்து, சாயம் ஏற்றியது உண்மைதானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்துக் கையால் 'திருப்பிக் கொண்டுபோங்கோ' என்று காட்டினார். தள்ளுவண்டி வந்த வழியே போனது. கூட்டித் துடைக்கிற சந்திராக்கா என்னிடம் வந்து, "மிஸ், அர நோனா அண்டனவா" என்றார். அந்த அம்மா அழுகிறார் என்று எனக்குச் சிங்களத்தில் சொல்லத் தேவையிருக்கவில்லை. நடைபாதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

றெஜி அண்ணன் துறைமுகத்திலிருந்து அரை மணித்தியாலத்தில் வந்தார். கழுத்தில் பாஸ் தொங்கியபடி இருந்தது.

"நான் நல்லதுக்குத்தான் செய்தன் டொக்டர். ரெண்டாவது ஆளும் ஓம் எண்டாத்தானே மனசுக்கு நிம்மதி. சொன்னா நீங்க கோவிச்சுட்டு இவளக் கடைசி ஆளாப் போட்டுட்டா?"

பதற்றத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது, நான் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். "பத்து டொக்டரிட்டயும் போகலாமாம், அது உங்கட உரிமையாம். பத்துப் பேரும் சொன்னதைத் தன்னிட்டச் சொன்னாப் போதுமாம்."

றெஜி என்னிடம் குரலைத் தணித்தார். "மிஸ், எங்கட வேலையில ஒரு கவுண்டரில சொன்னத அடுத்த கவுண்டரில சொன்னாச் சாமான் வெளிய வராது. இருபத்தஞ்சு வருசமா அப்பிடித்தான் எடுத்திட்டிருக்கன்."

"இஞ்ச சொல்லாட்டித்தான் வராது, அண்ணன்."

அவர் அந்த இடத்திலேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். தங்கையிடம் எதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜெசிந்தா பையைத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"அண்ணன், எனக்குக் கென்சர் எண்டு முதல்லயே தெரியும். இனி ஒளிச்சு வேலயில்ல. வாங்க போவம்."

என்னை அவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் நடந்து போனார்கள். அன்று முழுவதும் எனக்கு யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கப் பிடிக்கவில்லை. சரியானதைச் செய்தால் மனம் இலேசாகும் என்று சொல்கிறவர்கள் வார்டில் வேலை செய்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

5. இரண்டாம் தரம்

அடுத்த நாளே தைரொக்சினைத் திரும்பத் தொடங்கினார்கள். சாயம் நீங்கும்வரை காத்திருந்து, திரும்ப நிறுத்தி, திரும்ப உப்பையும் மீனையும் விட்டு, மழைக்காலத்தில் ஜெசிந்தா மறுபடி வந்தார். அதே ஊதிய முகம், அதே ஸ்வெட்டர். கிளினிக்கில் டொக்டர் அதே கேள்விகளைக் கேட்டார். இம்முறை றெஜியை நிறுத்துவதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. பல்லு டொக்டரிடம் போனது, இருமலுக்குக் குடித்த பாணி, பார்மசியில் வாங்கிய விட்டமின், முழங்காலுக்குப் பூசிய தைலம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். தைலம் றெஜி தன்னுடைய முழங்காலுக்குப் பூசியது என்பது கடைசியில்தான் தெரிய வந்தது. டொக்டர் விட்டமின் போத்தலை மட்டும் வாங்கி, லேபலை வாசித்துப் பார்த்து, அதில் அயடின் கலந்திருப்பதால் நிறுத்தச் சொன்னார்.

சலத்தில் அயடின் குறைந்திருந்தது. இரத்தத்தில், கலங்களை அயடின் தேட வைக்கிற டி.எஸ்.எச். ஹோர்மோன் நன்றாக ஏறியிருந்தது. கலங்கள் பசியோடு இருக்கின்றன என்று அர்த்தம். கெப்சூல் வந்தது. ஜெசிந்தா ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு, இன்டர்கொம்மில், "இவ்வளவுதானா மிஸ்?" என்றார். அவர் என்னோடு மறுபடி கதைத்த முதல் வசனம் அதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "இவ்வளவுதான், தண்ணியக் குடியுங்கோ" என்றேன்.

ஒரு கிழமை கழித்து, விழுங்கிய அயடின் எங்கெங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிற ஸ்கேன் எடுத்தார்கள். சுரப்பி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கறை. அது நாங்கள் எதிர்பார்த்தது. இடது பக்கம், காதுக்குக் கீழே, கழுத்தில் தனியாக இன்னொரு சின்னப் புள்ளி. சிடி ஸ்கேனில் தெரியாத ஒரு நெறிக்கட்டி. நோய் அங்கேயும் போய்க் குந்தியிருந்திருக்கிறது. பசியில் கெப்சூலையும் விழுங்கியிருக்கிறது. "அயடின நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார் டொக்டர் சிங்களத்தில். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. பின்னால் வந்த இரத்தப் பரிசோதனைகளில் அந்த நோயின் அடையாளம் குறைந்து குறைந்து இல்லாமல் போனது.

இப்போது இந்த வேலைக்கு வருகிற தாதிகளுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. படிவத்தில் உள்ள கேள்வியைக் கேளுங்கள், பதிலை எழுதுங்கள். பிறகு நோயாளியோடு கொஞ்ச நேரம் இருந்து, வீட்டுக் கதையையும் பயத்தையும் கதைக்க விடுங்கள். கூட வந்தவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதைக்க விடுங்கள். சொன்னபிறகு நோயாளி, ஒருவரிடமும் சொல்லாதேங்கோ என்று கெஞ்சுவார். அந்த நேரம் உங்களுக்கும் சொல்லாமல் விடத்தான் மனம் வரும்.

ஸ்கேன் அன்று டொக்டர் போனபிறகு ஜெசிந்தா திரையில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், உங்கள நான் எவ்வளவு திட்டினன் எண்டு தெரியுமா? வீட்ட போய் ஒரு கிழமையாத் திட்டினன்."

"தெரியும்."

"அண்டைக்கு நான் கெஞ்சக்க நீங்க ஓம் எண்டிருந்தா?"

"சந்தோஷமா வீட்ட போயிருப்பீங்கள்" என்றேன். "அந்தப் புள்ளியும் உங்களோட வந்திருக்கும்."